நீல் சிலையும் ஐம்பது ரூபாய்ச் சேதமும்: 1927 சென்னைச் சத்தியாகிரகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1927 ஆகஸ்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்த ஒரு சிலையை இரண்டு தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள். உடனே கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்து வந்த வாரங்களில் மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் சென்னைக்கு வந்து, அதே சிலைக்கு முன்னால் அதே செயலில் இறங்கி, அதே சிறைக்குள் போனார்கள். நீல் சிலை சத்தியாகிரகம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் போராட்டம் இதுதான். காமராஜரின் இளமைக்கால அரசியலைச் சொல்லும்போது இரண்டு வரியில் வந்துபோகும் இந்த நிகழ்வைச் சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தவர்கள் குறைவு. அன்று தாக்கப்பட்ட பொருள் யாருடையது, தாக்கியதால் இழப்பு யாருக்கு, அந்த இழப்பை எந்த அளவுகோலால் அளந்து எத்தனை மாதம் சிறை என்று முடிவு செய்யச் சட்டம் இடம் கொடுத்தது என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள். தனித்தனித் தொண்டர்களின் தீர்ப்புகளுக்குள் நான் போகவில்லை. செயலையும் அதற்குப் பொருந்தும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அன்றைய சொற்கள் இன்றும் நம் நீதிமன்றங்களில் உயிரோடு இருப்பதால் இது பழங்கதை ஆகிவிடவில்லை.

சிலைக்கு உரியவர்

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810-இல் ஸ்காட்லாந்தில் ஏர் நகருக்கு அருகே பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவில் சேர்ந்து, 1857-இல் எழுச்சி வெடித்தபோது அந்தப் படையோடு சென்னையிலிருந்து கல்கத்தா வழியாக வடக்கே அனுப்பப்பட்டார். காசியிலும் அலகாபாத்திலும் அவர் நடத்திய தண்டனைகளில் எழுச்சியோடு தொடர்பே இல்லாத கிராமத்து மக்களும் தூக்கிலேற்றப்பட்டார்கள், ஊர்கள் கொளுத்தப்பட்டன. கான்பூரில் பீபீகர் என்ற வீட்டில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த வீட்டின் தரையில் உறைந்திருந்த இரத்தத்தின் ஒரு பகுதியைக் கைதிகள் தம் கையால் துடைத்துச் சுத்தம் செய்தபிறகே தூக்கிலிடப்பட வேண்டும் என்று நீல் ஆணையிட்டார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. சாகும் நேரத்தில் அவர்கள் தங்கள் சாதியையும் சமயத்தையும் இழந்துவிட்டதாக உணர வேண்டும் என்பதே நோக்கம். இதை அவர் மறைக்கவில்லை. தம் கடிதங்களிலேயே நியாயப்படுத்தி எழுதினார். 1857 செப்டம்பர் 25-இல் லக்னோவில் சுடப்பட்டு இறந்தார்.

சிற்பி மேத்யூ நோபிள் செய்த நீலின் சிலை ஒன்று அவருடைய சொந்த ஊரான ஏரில் நிறுவப்பட்டது. அதே சிற்பியின் கையில் உருவான இன்னொன்று சென்னைக்கு வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட படையின் தளபதி என்பதால் சென்னையின் ஐரோப்பியச் சமூகம் அவரைத் தங்கள் வீரராகவே கருதியது. வங்காளத்தின் கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்ற பொருளில் அவருக்குப் புகழுரை பொறிக்கப்பட்டது. 1860-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் நிறுத்தப்பட்ட அந்தச் சிலையின் வழியாகத்தான் அதற்குப் பிந்தைய அறுபத்தைந்து ஆண்டுக்காலச் சென்னை வேலைக்கும் கடைக்கும் போய்வந்தது.

சிலை வந்த அதே காலத்தில்தான் அதைக் காக்கும் சட்டமும் வந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்து கொடுத்த தண்டனைச் சட்ட முன்வரைவு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் இருந்தது. 1857-க்குப் பிறகு ஆட்சி கம்பெனியின் கையிலிருந்து அரசியின் கைக்கு மாறிய நிலையில், 1860 அக்டோபர் 6-இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீலின் சிலையும் இந்தியத் தண்டனைச் சட்டமும் ஒரே நெருக்கடியின் பின்விளைவுகள். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று வெற்றியை நினைவில் நிறுத்தியது. மற்றொன்று வெற்றி பெற்ற ஆட்சியின் அன்றாட ஒழுங்கை எழுதி வைத்தது.

சொத்தழிப்பு என்னும் குற்றம்

தண்டனைச் சட்டத்தின் 17-ஆம் அத்தியாயத்தில் 425 முதல் 440 வரையிலான பிரிவுகள் சொத்தை அழிப்பதையும் சேதப்படுத்துவதையும் பற்றியவை. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ‘பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தல்’ என்று வரும் தொடருக்கு வேர் இங்கே இருக்கிறது. 425-ஆம் பிரிவு குற்றத்தை வரையறுக்கிறது. பொதுமக்களுக்கோ எந்த ஒரு நபருக்கோ முறையற்ற இழப்பையோ சேதத்தையோ உண்டாக்கும் எண்ணத்துடன், அல்லது அப்படி உண்டாகக்கூடும் என்று தெரிந்தே, ஒரு சொத்தை அழிப்பவர் இந்தக் குற்றத்தைச் செய்கிறார். அழிக்காவிட்டாலும், அந்தச் சொத்திலோ அது இருக்கும் நிலையிலோ அதன் மதிப்பையோ பயனையோ குறைக்கிற மாற்றத்தைச் செய்தாலும் குற்றமே.

அதே காலத்து இங்கிலாந்துச் சட்டத்தில் ‘வன்மத்துடன்’ என்ற சொல்லே குற்றத்தின் நெஞ்சாக இருந்தது. இந்தியச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. எண்ணம் இருந்தாலும் போதும், விளைவு தெரிந்திருந்தாலும் போதும். செய்தவர் யார்மீது கோபம் கொண்டிருந்தார், எதற்காகச் செய்தார் என்று கேட்க வேண்டிய தேவையே சட்டத்துக்கு இல்லை. சிலையை அடித்த தொண்டர் யார்மீதும் வன்மம் கொண்டிருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் முழுமையாக நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது; சுத்தியல் பட்டால் வெண்கலம் நசுங்கும் என்று அவருக்குத் தெரியும், அது போதும். இழப்பு சொத்தின் உரிமையாளருக்கே ஏற்பட வேண்டும் என்ற எண்ணமும் அவசியமில்லை என்று பிரிவின் முதல் விளக்கம் கூடுதலாகச் சொல்லிவிடுகிறது.

பிரிவுக்குக் கீழே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒருவருடைய மோதிரத்தை ஆற்றில் எறிவது ஒன்று. ஒருவருடைய ஐஸ் கிடங்கில் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியை உருகவைப்பது மற்றொன்று. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸைத் தெரிந்த சென்னைவாசிக்கு இது உடனே கண்ணில் படும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகரங்களிலும் அப்போது ஐஸ் கிடங்குகள் இருந்தன. வெயில் தாங்காத வெள்ளையர் மேசைக்கு வந்த பனிக்கட்டி, சட்டம் யாருடைய அன்றாட வாழ்க்கையைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது என்பதை ஒரு சொல்லில் காட்டிவிடுகிறது.

அத்தியாயத்தின் பிற பிரிவுகளும் இதையே வேறு விதத்தில் சொல்கின்றன. பாசனத்துக்கான நீரைக் குறைப்பதற்கு 5 ஆண்டு, பொதுச்சாலையையும் பாலத்தையும் பயன்படுத்த முடியாமல் செய்வதற்கு 5 ஆண்டு, கலங்கரை விளக்கத்தை அழிப்பதற்கு 7 ஆண்டு வரை சிறை. அரசு அதிகாரி நட்ட எல்லைக்கல்லைப் பெயர்ப்பதற்குத் தனியாக ஒரு பிரிவே உண்டு. அதற்கு ஓராண்டு வரை. நம் கிராமங்களில் வயல் மூலையில் கிடக்கும் சர்வே கல்லுக்குப் பின்னால் தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவு நின்றது. நிலவரி, பாசனம், கப்பல், சாலை என ஆட்சிக்கு வருவாய் வந்த வழிகள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் காக்கப்பட்டன.

சிலைக்கு அப்படித் தனிப்பிரிவு கிடையாது. அதனால் சிலையைத் தாக்குவது பொதுப் பிரிவுகளுக்குள் வரும். சேதம் 50 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் 426-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 3 மாதம். 50 ரூபாயை எட்டினாலோ தாண்டினாலோ 427-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை. மூன்று மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு எண். 1860-இல் 50 ரூபாய் என்பது ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானம். ஆகவே பெரிய சேதத்தைச் சிறிய சேதத்திலிருந்து பிரிக்க அது ஓரளவு நியாயமான கோடாகவே இருந்திருக்கும். 1927-க்குள் பணத்தின் மதிப்பு இறங்கியிருந்தது; கோடு நகரவில்லை.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் ஒரு விந்தை தெரிகிறது. 1861-ஆம் ஆண்டின் இங்கிலாந்து வன்மச் சேதச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு, பொதுப் பார்வையில் இருக்கும் சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் பெயர் சொல்லிக் காக்கிறது. அதற்கான அதிகபட்சத் தண்டனை 6 மாதச் சிறை. வேறு பிரிவுகளில் அடங்காத, 5 பவுண்டுக்கு மேற்பட்ட சேதத்துக்கு அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு 2 ஆண்டு வரை தந்தது. அன்றைய மாற்று மதிப்பில் 5 பவுண்டும் 50 ரூபாயும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது பொதுவான அளவுகோல் இரு நாடுகளிலும் ஒன்றாக இருக்க, இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர்ச் சிலைக்கு மட்டும் தண்டனையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சிலையை உடைப்பவர் பெரும்பாலும் அரசியல் கோபத்திலோ இளமைத் துடுக்கிலோ உடைக்கிறார், அவரைக் களஞ்சியத்தை நாசம் செய்தவரோடு சேர்க்க வேண்டாம் என்ற எண்ணம் அதற்குள் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. ஏர் நகரத்து நீல் ஸ்காட்லாந்துச் சட்டத்தின் கீழ் நின்றவர், அவரை விட்டுவிடுவோம். லண்டன் சதுக்கத்தில் ஒரு தளபதியின் சிலையைத் தாக்கியவருக்கு 6 மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம், மவுண்ட் ரோட்டில் 2 ஆண்டு வரை நீளச் சட்டம் வழிவிட்டது.

‘பொதுமக்கள்’ யார்?

இந்த நிகழ்வின் முடிச்சு என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது. 425-ஆம் பிரிவு ‘பொதுமக்களுக்கோ எந்த ஒரு நபருக்கோ’ இழப்பு என்று சொல்கிறது. நீல் சிலை தனிநபரின் சொத்து அல்ல. அது பொதுச்சாலையில் நின்ற சின்னம். அப்படியானால் சேதத்தால் இழந்தவர்கள் பொதுமக்கள். 1927-இன் சென்னைப் பொதுமக்கள் யார்? அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று சென்னை மகாஜன சபை தீர்மானம் போட்டது. மாகாணக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. ஊர் ஊராகத் தொண்டர்கள் வந்தார்கள். அந்த நகரத்தில் வாழ்ந்த பெரும்பாலோருக்கு நீலின் முகம் பார்க்கப் பிடிக்காத முகமாகிவிட்டிருந்தது. தாங்கள் இழக்க விரும்பிய ஒன்றைத் தங்களிடமிருந்து பறித்துவிட்டதாகத் தங்கள் பெயராலேயே ஒரு வழக்கு நடப்பதை அவர்கள் பார்த்தார்கள்.

இந்தச் சிக்கலுக்குச் சட்டம் முன்கூட்டியே விடை வைத்திருந்தது. ‘பொதுமக்கள்’ என்ற சொல் பொதுமக்களில் எந்த ஒரு பிரிவையும் எந்த ஒரு சமூகத்தையும் உள்ளடக்கும் என்று 12-ஆம் பிரிவு விளக்குகிறது. பொதுவாகப் பார்த்தால் இது நல்ல விளக்கம். சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் கோயிலோ குளமோ அழிக்கப்படும்போது அவர்களும் பொதுமக்களே என்று சொல்லும் பாதுகாப்பு அதில் உண்டு. ஆனால் நீல் சிலைக்கு அதைப் பொருத்தினால் விளைவு வேறு. சிலையை மதித்த ஐரோப்பியச் சமூகம் மட்டும் இழந்தாலும் பொதுமக்கள் இழந்ததாகவே ஆகும். எத்தனை பேர் அதை வெறுத்தார்கள் என்பது கணக்கில் வராது. கான்பூரின் தரை கணக்கில் வராது. வெண்கலத்தில் விழுந்த பள்ளத்துக்கு எத்தனை ரூபாய் என்பது மட்டும் கணக்கில் வரும்.

சத்தியாகிரகிகள் இதை அறியாதவர்கள் அல்லர். சட்டத்தை வாதத்தால் வெல்ல முடியாது என்பதால்தான் தண்டனையை ஏற்கும் வழியை எடுத்தார்கள். இரவில் வந்து வெடிவைத்துத் தகர்க்க நினைத்திருந்தால் சிலை ஒரே நாளில் போயிருக்கலாம். தீயோ வெடிமருந்தோ கொண்டு 100 ரூபாயோ அதற்கு மேலோ சேதம் செய்தால் 435-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை என்பது வேறு. அவர்கள் தேர்ந்தது, பெயர் தெரிய வந்து, ஆள் தெரிய நின்று, சிறைக்குப் போவதை. வெண்கலத்தைச் சுத்தியலால் அடித்துச் சிலையை வீழ்த்திவிட முடியாது என்று யாருக்கும் தெரியும். ஆகவே அடி சிலைக்கு விழுந்தாலும் அதன் ஓசை போய்ச் சேர வேண்டிய இடம் வேறாக இருந்தது.

போராட்டத்தைத் திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு தலைமையேற்று நடத்தினார். அவர் சிறைப்பட்டபிறகு பொறுப்பு இருபத்து நான்கு வயது காமராஜரிடம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழகச் சுற்றுப்பயணமாகக் காந்தி சென்னைக்கு வந்தபோது காமராஜர் அவரைச் சந்தித்துப் பேசினார். காந்தி போராட்டத்துக்கு ஆதரவு தந்தார். அகிம்சையின் எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார். ஒரு பொருளின்மீது சுத்தியலை ஓங்குவது அகிம்சைக்குள் அடங்குமா என்பது காந்தியத்துக்குள்ளேயே எளிதாகத் தீராத கேள்வி. எதிரியின் உடலுக்கும் உயிருக்கும் ஊறு இல்லை என்பது ஒரு பக்கம். செயலே அழிப்புச் செயல் என்பது மறுபக்கம். நீல் என்ற தனிமனிதர்மீதும் ஆங்கிலேயர்மீதும் பகை இல்லாமல், ஒரு கொடுமையைப் பொதுவிடத்தில் வைத்துப் போற்றுவதை மட்டும் எதிர்க்கும்போது அது அகிம்சையே என்று வாதிடலாம். தண்டனைச் சட்டம் பார்க்க மறுத்த அதே உள்நோக்கத்தைத்தான் இந்த வாதம் முதன்மையாகப் பார்க்கிறது.

கடலூர் அஞ்சலையம்மாள் இந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அவருடைய மகள் அம்மாக்கண்ணுவும் உடன் வந்தாள். அப்போது ஒன்பது வயது என்று அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. காந்தி பின்னர் அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். சட்டத்தைப் படிப்பவர் இந்த இடத்தில் நின்றுதான் போக வேண்டும். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது 82-ஆம் பிரிவு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் பக்குவம் பெறாதிருந்தால் அதுவும் குற்றமாகாது என்கிறது 83-ஆம் பிரிவு. ஒன்பது வயதுச் சிறுமி இந்த இரண்டாம் வகையில் வருகிறாள். அவளைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால், அவளுக்கு விவரம் தெரியும் என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டும். நீல் யார், அவர் செய்தது என்ன, அந்தச் சிலை ஏன் அங்கே நிற்கக்கூடாது என்பதை ஒரு ஒன்பது வயதுக் குழந்தை அறிந்தே செய்தாள் என்று அரசுத் தரப்பு வாதிடுவதைவிடப் பெரிய சாட்சியம் சத்தியாகிரகிகளுக்கு வேறு இருக்க முடியாது.

சிலை போன வழி

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அடுத்த ஆண்டு சைமன் குழுப் புறக்கணிப்பு கட்சியின் முழு உழைப்பையும் இழுத்துக்கொண்டது. நீல் சிலைப் போராட்டம் மெல்லத் தேய்ந்தது. சிலை நின்ற இடத்திலேயே நின்றது. பத்தாண்டு கழித்து, 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றபிறகு, சென்னை மாநகராட்சி தீர்மானம் நிறைவேற்றி அதை அகற்றியது. இப்போது அது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

425-ஆம் பிரிவின் ஒரு தொடரை இங்கே திரும்ப நினைத்துப் பார்க்கலாம். சொத்தில் மட்டுமல்ல, ‘அது இருக்கும் நிலையில்’ செய்யப்படும் மாற்றமும் அதன் மதிப்பைக் குறைத்தால் குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நெடுஞ்சாலை நடுவில் நிமிர்ந்து நின்ற ஒரு தளபதியை இறக்கிக் கூரைக்குள் வைத்ததால் அந்தச் சிலையின் பயன், அதாவது போற்றப்படும் பயன், முழுக்க இல்லாமல் போயிற்று. சுத்தியல் அடிகள் செய்ய முடியாததைத் தீர்மானம் செய்து முடித்தது. அதற்கு எந்தப் பிரிவும் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் செய்தவர் செய்வதற்கு உரிமை உள்ளவர். 1927-இன் தொண்டர்களுக்கும் 1937-இன் மாநகராட்சிக்கும் விருப்பம் ஒன்றுதான். இடைப்பட்ட பத்தாண்டில் மாறியது, ‘பொது’ என்ற சொல்லுக்குச் சார்பாகப் பேசும் அதிகாரம் யார் கையில் என்பது.

இது சென்னைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. லாகூரில் முன்னாள் வைசிராய் ஜான் லாரன்ஸின் சிலையை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. 1940-இல் கல்கத்தாவில், ‘இருட்டறை’ நிகழ்வில் இறந்த ஆங்கிலேயருக்காக எழுப்பப்பட்ட ஹால்வெல் நினைவுத்தூணை அகற்றக் கோரிப் போராட்டம் அறிவித்த சுபாஷ் சந்திர போஸ், தூணைத் தொடுவதற்கு முன்பே கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்ததால் சேதம் நடக்கும்வரை காத்திருந்து, அதை ரூபாயில் அளந்து, சாட்சி வைத்து நிரூபிக்கும் வேலை அரசுக்கு மிச்சமாயிற்று. தூண் அகற்றப்பட்டது, போஸ் காவலில் இருந்தார்.

ஐம்பதிலிருந்து நூறு

விடுதலைக்குப் பிறகு இந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் நிகழ்வை முடிக்க முடியாது. 17-ஆம் அத்தியாயம் அப்படியே தொடர்ந்தது. 50 ரூபாய்க் கோடும் தொடர்ந்தது. 1984-இல் நாடாளுமன்றம் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பொதுச் சொத்து என்ற தொடருக்குத் தனி வரையறை அதில் உண்டு: மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு, அரசு நிறுவனம் ஆகியவற்றின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருப்பவை. அவற்றைச் சேதப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை. குடிநீர், மின்சாரம், எண்ணெய், கழிவுநீர், பொதுப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு ஆகியவற்றோடு தொடர்புடைய சொத்தானால் குறைந்தது 6 மாதக் கடுங்காவல், சிறப்புக் காரணம் எழுதினால் ஒழியக் குறைக்க முடியாது. தீயோ வெடிபொருளோ பயன்பட்டால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. அரசுத் தரப்பைக் கேட்காமல் பிணை தரக்கூடாது என்றும் விதி இருக்கிறது. குற்றம் என்றால் என்ன என்பதற்கு மட்டும் புதிய வரையறை எழுதப்படவில்லை. 425-ஆம் பிரிவில் உள்ள பொருளே இங்கும் பொருள் என்று அந்தச் சட்டம் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாடு 1992-இல் தனக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் பொதுச் சொத்துக்கு மட்டும் இருந்த அதன் வீச்சை 1994-இல் திருத்தி, தனியார் சொத்துக்கும் விரித்தார்கள். சட்டத்தின் பெயரிலிருந்தே ‘பொது’ நீங்கிற்று. அதன் 3-ஆம் பிரிவின்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ சேதம் ஏற்பட்டால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், அதிகபட்சம் 5 ஆண்டு. 1860-இல் 50 ரூபாய் என்றால் பல மாத உழைப்பு. 1992-இல் 100 ரூபாய்க்கு ஒரு பேருந்தின் பக்கக் கண்ணாடியைக்கூட மாற்ற முடியாது. காலனி ஆட்சி சேதத்தின் அளவைப் பார்த்துத் தண்டனையை ஏற்றியது என்றால், நாம் அந்த அளவைப் பெயரளவுக்கு வைத்துக்கொண்டு, அது தடுத்து நிறுத்திய கடுமையைத் திறந்துவிட்டிருக்கிறோம். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் எண்ணின் வலிமை புரியும். ஒரு மறியலின்போது அரசுப் பேருந்தின் பின்கண்ணாடி நொறுங்குகிறது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிப் பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, கிளை மேலாளருக்குச் சொல்கிறார். காவல் நிலையத்தில் புகார் எழுதப்படுகிறது. ஆய்வாளர் வந்து இரண்டு சாட்சிகளை வைத்துப் பார்வை மகஜர் எழுதுகிறார். இருக்கையிலும் படிக்கட்டிலும் சிதறிய கண்ணாடித் துண்டுகளும் ஒரு கல்லும் உறையில் போகின்றன. பணிமனையிலிருந்து சேத மதிப்பீடு வருகிறது. ஒரு பின்கண்ணாடி பல ஆயிரம் ரூபாய். அந்த ஒரு தாளோடு, ஓராண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய பிரிவு முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகிறது. கல்லை எறிந்தவர் யார் என்பதுதான் இனி நிரூபிக்க வேண்டிய கடினமான பகுதி; கூட்டத்தில் நின்றவர்களில் அடையாளம் தெரிந்தவர்கள் பெயர்கள் பட்டியலில் வருகின்றன. 1927-இல் நீல் சிலை முன் நின்றவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கொடுத்தார்கள் என்பதால் அன்றைய நீதிமன்றத்துக்கு இந்தத் துன்பம் இல்லை.

பேருந்தும் குடிநீர்க் குழாயும் சிலையைப் போன்றவை அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. கண்ணாடி உடைந்த பேருந்து மறுநாள் காலை ஓடாதபோது கல்லூரிக்கும் கூலி வேலைக்கும் போக முடியாமல் நிற்பவர்கள் நம் ஊர் மக்கள். அந்த இழப்பு உண்மையிலேயே பொது இழப்பு. உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பு இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. நாட்டின் பல பகுதிகளில் நடந்த கிளர்ச்சிகளின் சேதத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டு, நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலும் ஃபாலி நாரிமன் தலைமையிலும் இரண்டு குழுக்களை அமைத்து, அவற்றின் பரிந்துரைகளின்படி, சேதத்தை மதிப்பிட ஆணையர்களை நியமிக்கவும் போராட்டத்தை ஏற்பாடு செய்தவர்களையும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கவும் வழிகாட்டியது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பயன்படும் பொருளையும் போற்றப்படும் பொருளையும், இழந்தவர் உண்மையில் யார் என்பதையும் பிரித்துப் பார்க்கும் கண் 425-ஆம் பிரிவுக்கு 1860-இல் இல்லை. 1984-இலும் 1992-இலும் அந்தக் கண்ணைத் திறக்கும் வாய்ப்பு வந்தது, திறக்கப்படவில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, 1860-இன் சட்டம் விடைபெற்றது. சொத்தழிப்பு இப்போது 324-ஆம் பிரிவு. அடிப்படைத் தண்டனை 3 மாதத்திலிருந்து 6 மாதமாக உயர்ந்தது. அரசுச் சொத்தும் உள்ளாட்சிச் சொத்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டு, அவற்றுக்கு ஓராண்டு வரை என்று ஆனது. ரூபாய்க் கோடு ஒருவழியாக நகர்ந்தது: 20,000 ரூபாயிலிருந்து 1 லட்சத்துக்குள் 2 ஆண்டு வரை, 1 லட்சத்தைத் தொட்டால் 5 ஆண்டு வரை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 100 ரூபாய் அப்படியே நிற்கிறது. ஆகவே ஒரே கண்ணாடிக்கு ஒரு சட்டத்தில் ஓராண்டு வரை, மற்றொன்றில் ஓராண்டுக்குக் குறையாமல் என்ற நிலையில், எந்தப் பிரிவை எழுதுவது என்ற தேர்வு காவல் நிலையத்தின் மேசைமீதே நடந்துவிடுகிறது. 1984-இன் சட்டம் சுட்டும் 425-ஆம் பிரிவை இனி 324-ஆம் பிரிவு என்று படித்துக்கொள்ள வேண்டும். அதைப் புரட்டினால் எண்ணமும் தெரிந்திருத்தலும், சொத்து இருக்கும் நிலையில் செய்யும் மாற்றமும், பொதுமக்களுக்கோ எந்த ஒரு நபருக்கோ என்ற தொடரும் பழைய வரிசையிலேயே இருக்கின்றன. கீழே எடுத்துக்காட்டுகளில், ஒருவருடைய ஐஸ் கிடங்கில் இன்னொருவர் தண்ணீரை விடுகிறார், பனிக்கட்டி உருகுகிறது.